கதவு எண் 14/3-இல் குடியிருக்கும் ஆறு பேர்

திண்டுக்கல் சுற்றுவட்டார அமெச்சூர் கிரிக்கெட் சங்கத்தின் விதிப்புத்தகத்துக்குப் பச்சை அட்டை. உள்ளே முதல் பக்கத்தில், முதல் விதியாக, கொட்டை எழுத்தில் இப்படி இருக்கும்: ‘காசு வாங்கி ஆடுபவர் எவரும் இச்சங்கத்தின் ஆட்டக்காரர் ஆகார்.’ சங்கத்தில் நாற்பத்தாறு கிளப்புகள். ஞாயிறு தவறாமல் வெயிலில் வேகிறவர்கள் எழுநூறு பேருக்குக் குறையாது. அந்த எழுநூறு பேரில் முதல் விதியை நிஜமென்று நம்பியவன் ஒருவன்தான். அவன் பெயர் ராயப்பராஜ். வெங்காயப்பேட்டையில் எடை போடுகிறவன்.

பேட்டை திங்கள், புதன், வெள்ளி கூடும். மூன்று நாளும் மூட்டையைத் தராசில் ஏற்றி இறக்குகிற அதே கையால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆஃப் ஸ்பின் போடுவான். பந்தை வாங்கிப் பார்க்கிற நடுவர்கள் ஒருதரம் மூக்கைச் சுளித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அவனிடம் ஸ்டம்பைப் பறிகொடுத்தவர்கள், கண் எரிந்ததால்தான் பந்து தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

சங்கத்தில் ஐந்து டிவிஷன். ஐந்தாவது டிவிஷன் மைதானத்தில் ஆடு மேயும். பந்து ஆட்டின் மேல் பட்டால் இரண்டு ரன் என்று விதியே உண்டு. நாலாவதில் ஆடு கிடையாது, முள் உண்டு. மூன்றாவதிலும் இரண்டாவதிலும் தரையில் தென்னைநார் விரிப்பை ஆணியடித்து, அதன் மேல் ஆட்டம். முதல் டிவிஷனில் மட்டும்தான் டர்ஃப். உருளை போட்டு உருட்டி, வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்து, பிள்ளை மாதிரி வளர்த்த புல்லின் மேல் ஆடலாம்.

பதிமூன்று வருசத்துக்கு முன்னால் ராயப்பராஜும் அவனுடைய கூட்டாளி அப்துல் கையூமும் ‘விடிவெள்ளி கிரிக்கெட் கிளப்’பை ஆரம்பித்தபோது பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு வெள்ளைப் பேன்ட் இல்லை. கையூம் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதுகிறவன். விக்கெட் கீப்பர். ஆட்டுத் தரையிலிருந்து முள் தரைக்கு ஏறவே ஐந்து வருசம் ஆயிற்று. போன பங்குனியில்தான் இரண்டாம் டிவிஷன் கோப்பையை ஜெயித்தார்கள். கடைசி விக்கெட்டை எடுத்தது ராயப்பராஜின் கை. அந்தக் கையைத்தான் அரசு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு வருசம் சுத்துவீங்க. அதுக்கப்புறம் தலைக்கு எண்ணெ தேய்க்கக்கூட இது எந்திரிக்காது” என்று சொல்லியிருந்தார்.

ஒரு வருசம் போதும் என்றிருந்தான் ராயப்பராஜ். டர்ஃபில் ஒரே ஒரு மேட்ச். பத்து ஓவர். பந்து புல்லில் விழுந்து எப்படித் திரும்புகிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். மோட்சத்துக்கு மனுப்போடுகிறவன்கூட இதைவிட அதிகமாய்த்தான் கேட்பான்.

முதல் டிவிஷனுக்கு ஏறியதற்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. நூல் மில் முதலாளி ஆனந்த்ராஜ் மேடையில் ஏறும்போது சிறப்பு அழைப்பாளர். இறங்கும்போது கிளப்பின் புரவலர். நடுவில் அவர் பேசியது இது:

“விடிவெள்ளிப் பசங்க பதிமூணு வருசமா ஒத்தப் பைசா வாங்காம ஆடுனவங்க. தங்கமான மனசு. இந்த மனசு கெட்டுறக் கூடாதுங்கிறதுதான் என் கவலை. முதல் டிவிஷன்ங்கிறது காசு புழங்குற எடம். அந்த அசிங்கத்துல நம்ம பசங்கள எறக்க எனக்கு மனசு வரல. அதனால காசு வாங்குற வேலைய வெளியூர்க்காரங்ககிட்ட விட்டுருவோம். நம்ம பசங்க சுத்தமா இருக்கட்டும். வெளியவே இருக்கட்டும்.”

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். ராயப்பராஜும் தட்டினான்.

“ஏலே, நம்மள வெளிய போகச் சொல்றாரு. நீ கைதட்டுற?” என்றான் கையூம்.

“சுத்தமா இருக்கச் சொல்றாருடா.”

“நல்லாத் தட்டு மாப்ள. கை வலிக்கிற வரைக்கும் தட்டு.”

வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். பெங்களூர், ஹைதராபாத், டெல்லி. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் முதல் விதி முறிந்துபோகும். ஆகவே யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பெங்களூர்க்காரர் இருவருக்கும் வெயில் தாங்கும் படி கொடுக்கப்பட்டது. ஹைதராபாத்துக்காரருக்கு வீட்டு ஞாபகப் படி. டெல்லியிலிருந்து வந்த நிதின் என்கிற பையன் ஆனந்த்ராஜின் மில்லில் நூல் சுற்றும் கதிர்களுக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டான். அவன் சனிக்கிழமை சாயங்காலம் மதுரையில் விமானம் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு, அன்றே விமானம் ஏறிவிடுவான். இடையில் அந்தக் கதிர்களை மேற்பார்த்தது யார் என்று கதிர்களும் கேட்கவில்லை, சங்கமும் கேட்கவில்லை.

ஆனால் சங்கத்துக்கு ஏழாவது விதி என்று ஒன்று இருந்தது. உள்ளூர்ப் பையன்கள் ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதியது. பதினோரு பேரில் ஆறு பேராவது உள்ளூர்வாசிகளாக இருந்தே தீர வேண்டும். எல்லாக் கிளப்பும் இந்த விதியைப் பயபக்தியோடு கடைப்பிடித்தது. அதாவது, வெளியூர்க்காரர்களில் ஆறு பேரை உள்ளூர்வாசிகளாக்கியது.

அதற்கான தாள்களை எடுத்துக்கொண்டுதான் கையூம் ஒரு சாயங்காலம் ராயப்பராஜ் குடியிருக்கும் சவேரியார் சந்துக்கு வந்தான். முகத்தைப் பார்க்காமல் நேரே தாளை நீட்டினான்.

“ஆறு பேருக்கும் வாடகை ஒப்பந்தம் போடணும் மாப்ள. நம்மாளுக பூராம் குடியிருக்கிறது வாடகை வீடு. எந்த ஹவுஸ் ஓனரு கையெழுத்துப் போடுவான்? உனக்குத்தான் சொந்த வீடு.”

கதவு எண் 14/3, ராயப்பராஜின் அப்பா கட்டிய வீடு. முன்னால் ஓர் அறை, பக்கத்தில் அடுக்களை, பின்னால் தகரம் போட்ட ஒரு சார்ப்பு.

“அவங்க ஆறு பேரு, வெளியூர்க் கணக்குல அஞ்சு பேரு. பதினொண்ணு ஆயிப்போச்சே. நானு?”

“பட்டியல்ல பதினஞ்சு பேரு போடலாம்ல. உன் பேரும் இருக்கும். நானே கேட்டு வாங்கிட்டேன். என்னை மேனேஜராப் போட்டுட்டாங்க, தண்ணிக்கேன் தூக்க. நீயாச்சும் ஆடு. பதினோரு மேட்ச் இருக்கு. ஒண்ணுலயாச்சும் எவனாவது ப்ளேன விட்டுருவான். அன்னிக்கு நீதான்.”

விமானம் தவறிப்போக வேண்டும் என்று ராயப்பராஜ் அன்றைக்கே வேண்டிக்கொள்ள ஆரம்பித்தான். மூட்டைகள் மேல் பெயர் எழுதி எழுதி அவன் கையெழுத்து குண்டு குண்டாக, தூரத்திலிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆறு விண்ணப்பங்களையும் அவனே எழுதினான். ஆறு பேருக்கும் வீட்டுக்காரன் என்று கையெழுத்துப் போட்டான். வருகிறவர்களை முந்திக்கொள்வது மரியாதையில்லை என்று தன்னுடையதை ஏழாவதாகக் கடைசியில் எழுதினான். அவன் வாழ்க்கையில் செய்த தப்புகளில் இவ்வளவு அழகான கையெழுத்தில் செய்தது வேறு இல்லை.

அவர்கள் நிஜமாகவே வந்து தங்குவார்கள் என்றும் நம்பினான். நிலக்கோட்டையிலிருந்து வேனில் வரும் மல்லிகையைச் சரமாய்க் கட்டிக்கொடுக்கிற அவன் மனைவி அமலராணி, மடியில் பூவை வைத்துக்கொண்டே கேட்டாள்:

“ஆறு பேரா? எங்க படுப்பாங்க?”

“சார்ப்புல மூணு பேரு. முன்னாடி மூணு பேரு.”

“நாம?”

அதை அவன் யோசிக்கவில்லை.

“கக்கூசு ஒண்ணுதான் இருக்கு. ஒப்பந்தத்துல அத எழுதுனீங்களா?”

“அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க புள்ள. ஆட்டக்காரங்க.”

மூன்று பாய் வாங்கி வந்தான். பாய்கள் சுருட்டியபடியே சுவரில் சாய்ந்து நின்றன. யாரும் வரவில்லை. வந்தது மில்லின் டிரைவர் மட்டும். ஒரு பையில் ஆறு பல் தேய்க்கும் பிரஷ், ஆறு துண்டு, ஆறு ஜோடிச் செருப்பு. “நாளைக்குக் குடியிருப்பு ஆய்வாம். துண்ட நனைச்சுக் கொடியில போடச் சொன்னாரு மொதலாளி” என்று சொல்லிவிட்டுப் போனான்.

குடியிருப்பு ஆய்வுக் குழுவின் தலைவர் பொன்னழகு. முன்னொரு காலத்தில் ஐந்தாம் டிவிஷனுக்கு நடுவராக இருந்தவர். கூட இரண்டு உறுப்பினர்கள், ஒரு அட்டை, ஒரு பேனா. செருப்பை எண்ணினார்கள். துண்டைத் தொட்டு, ஈரம் என்று எழுதிக்கொண்டார்கள். பிரஷ்ஷிடம் வந்து நின்றார்கள்.

“எட்டு இருக்கே?” என்றார் பொன்னழகு.

“ஆறு அவங்களோடது. ரெண்டு எங்களோடது” என்றாள் அமலராணி.

“நீங்களும் இங்கதான் இருக்கீங்களா?”

“கல்யாணம் ஆன நாள்லருந்து இங்கதாங்க இருக்கேன்.”

“ஆறு பேரு குடியிருக்க வீட்டுல நீங்க எப்படிம்மா இருக்கீங்க? எடம் பத்தாதே.”

“அதத்தாங்க நானும் கேக்குறேன்.”

பொன்னழகு தலையை ஆட்டிக்கொண்டு அட்டையில் எழுதினார்: ‘வீடு மிகுந்த நெருக்கடியில் உள்ளது. ஆகவே குடியிருப்பு மெய்யானதே.’ பிறகு ராயப்பராஜின் பக்கம் திரும்பினார்.

“ஒரு சின்னச் சிக்கல் தம்பி. ஏழாவது விதி, மூணாவது உட்பிரிவு. ஒரே வெலாசத்துல ஆறு ஆட்டக்காரருக்கு மேல இருந்தா அது வீடு இல்ல, லாட்ஜ். லாட்ஜுல இருக்கவன் உள்ளூர்வாசி ஆக முடியாது. அதனால ஏழாவது விண்ணப்பத்த எடுத்துருதோம்.”

“ஏழாவது என்னோடதுங்க.”

“வரிசைப்படிதான தம்பி போக முடியும்?”

“சார், நான் பொறந்த வீடு சார் இது.”

“பொறந்ததுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே” என்றார் பொன்னழகு, நிஜமான வருத்தத்தோடு. “குடியிருக்கதுக்குத்தான் கட்டம் இருக்கு.”

மேல்முறையீடு என்று ஒன்று உண்டென்று கையூம் கண்டுபிடித்துச் சொன்னான். அடுத்த செவ்வாய்க்கிழமை ராயப்பராஜ் பேட்டைக்கு உடுத்தாத சட்டையை உடுத்திக்கொண்டு சங்க அலுவலகத்தின் மாடிப்படி ஏறினான். நீளமேசைக்குப் பின்னால் ஏழு பேர். ஓரத்தில் குறிப்பேட்டோடு பொன்னழகு. நடுவில் செயலாளர் காமராஜ். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர். மேசை மேல் ஒரு தட்டு நிறையக் கொய்யா. வழக்குக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கொய்யா கொடுப்பது அவர் வழக்கம்.

“ஏனுங்க தம்பி, இதுக்குப் போயி முகத்தைத் தொங்கப் போடுவாங்களா?” என்றார் காமராஜ். “உள்ளூர்க் கணக்குல எடமில்லைன்னா வெளியூர்க் கணக்குல சேர்த்துக்கலாமுங்க. சொந்த மாவட்டத்துலருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வந்துருங்க. உங்க மாவட்டம் எதுங்க?”

“திண்டுக்கல்லுங்க.”

“அட, இதேதானுங்களா?”

“இதேதாங்க.”

காமராஜ் இடமும் வலமும் பார்த்தார். உறுப்பினர்கள் தலையை அசைத்தார்கள். “இந்த மாவட்டத்துக்காரரை வெளியூர்னு எப்படீங்க எழுதறது? பொய்யாயிடுமுங்களே. சங்கம் எந்தக் காலத்துலயும் பொய்க்குத் துணை போனதில்லீங்க.”

அப்புறம் அவர்களுக்கே மனசு கேட்காமல், சிறப்பு அனுமதிப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ராயப்பராஜ் அங்கேயே உட்கார்ந்து குண்டு எழுத்தில் நிரப்பினான். பதினோராவது கேள்வி: ‘ஆடியதற்காக எப்போதேனும் எதையேனும் பெற்றதுண்டா?’ அவன் பேனா நின்றது. பச்சைப் புத்தகத்தின் முதல் விதி அவன் கண்ணுக்குள் வந்து போயிற்று. பொய் எழுத வரவில்லை. ‘உண்டு’ என்று எழுதினான்.

காமராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன வாங்குனீங்க?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஊர்த் திருவிழாவுல டென்னிஸ் பந்து மேட்ச் சார். நாங்க ஜெயிச்சோம். மொத பரிசு ஒரு வெள்ளாட்டுக் கிடா.”

“அந்தக் கிடாயை என்ன பண்ணீங்க?”

“அறுத்துத் தின்னுட்டோம் சார்.”

“உங்க பங்குக்கு எத்தனை துண்டுங்க?”

“எண்ணலீங்க.”

“எண்ணாம தின்னீங்களா!” என்றார் ஓர் உறுப்பினர். பொன்னழகு குறிப்பேட்டில் எழுதினார்: ‘கணக்கற்ற ஊதியம் பெற்றதை ஒப்புக்கொண்டார்.’

காமராஜ் எழுந்து நின்று பேசினார்.

“எழுவது வருசமா இந்தச் சங்கம் கட்டிக் காப்பாத்துன புனிதமுங்க இது. காசு வாங்கி ஆடறவங்க நம்மகிட்ட இருக்காங்கன்னு ஊர்ல பேசறாங்க. நாங்களும் தேடித்தான் பாக்கறோமுங்க. ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஒத்துக்காதவங்க மேல நடவடிக்கை எடுத்தா அது அநியாயமில்லீங்களா? உங்களை மாதிரி உண்மை பேசற ஒருத்தரு வந்தாத்தானுங்க எங்களுக்கு வேலையே. இந்தச் சங்கம் ஆரம்பிச்ச நாளா நாங்க பிடிச்ச முதல் தொழில்முறை ஆட்டக்காரரு நீங்கதானுங்க. மனசார நன்றி சொல்றமுங்க. ஒரு வருசம் தடை. கொய்யா எடுத்துக்கங்க.”

ராயப்பராஜ் கொய்யாவோடு வீட்டுக்கு வந்தான். அமலராணி கதையைக் கேட்டு முடிக்கும்வரை ஒரு பூகூடக் கட்டவில்லை.

“ஆட்டுக்கறி தின்னவரு தொழில்காரரு. மில்லுல மாசாமாசம் வாங்குறவன் அமெச்சூரு. அப்படித்தான?”

“நான் தின்னது உண்மதான புள்ள.”

“ஈரல நானுந்தான் தின்னேன். என்னையும் தடை பண்ணச் சொல்லுங்க.” கொய்யாவை எடுத்துச் சந்துக்கு எறிந்தாள். “எதுல உண்ம பேசணும், யாருகிட்ட பேசணும்னு ஒரு இது வேணாமா மனுசனுக்கு? அவனுக வாயத் தொறந்து கேட்டா நீங்க வயித்தத் தொறந்து காட்டுவீங்களா?”

தடை ஒரு வருசம். கைக்கும் ஒரு வருசம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். எடை போடுகிறவனுக்குத் தெரியாதா? சரியாக இருந்தது. மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை.

முதல் மேட்ச் அன்றைக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தான். காலையில் எழுந்து பார்த்தால் கால் மைதானத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எல்லைக் கயிற்றுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றான். ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சுவிடாமல் கத்தினார்: “இதோ, உங்கள் அபிமான, சவேரியார் சந்தின் செல்லப்பிள்ளை, நிதின்!” கூட்டம் விசிலடித்தது.

அன்றைக்குத்தான் ஹைதராபாத்துக்காரர் விமானத்தை விட்டார்.

கையூம் தண்ணீர்க்கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. “மாப்ள, ப்ளேன விட்டுட்டான்டா. பத்துப் பேருதான் இருக்கானுக.” சொல்லிவிட்டு, சொன்னதன் அர்த்தம் உறைக்க, அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். பட்டியலில் மிச்சமிருந்தவர்கள் அந்த நேரத்தில் வேறு வேறு ஊர்களில் உள்ளூர்வாசிகளாக ஆடிக்கொண்டிருந்தார்கள். விடிவெள்ளி பத்துப் பேரோடு இறங்கியது. பாயின்ட்டில் ஆள் இல்லை. வேப்பமரத்துக்கு நேர் எதிரே, கூப்பிடுகிற தூரத்தில், அந்த இடம் காலியாகக் கிடந்தது. அந்த வழியாக ஏழு பவுண்டரி போயிற்று. ஏழையும் ராயப்பராஜ் எண்ணினான்.

சாப்பாட்டு இடைவேளையில் நிதின் தண்ணீர் கேட்டு மரத்தடிக்கு வந்தான். இருபத்திரண்டு வயசிருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கையூம் ராயப்பராஜைக் காட்டி, “உன் ஹவுஸ் ஓனர்” என்றான். பையனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சட்டென்று குனிந்து ராயப்பராஜின் காலைத் தொட்டான்.

“வீடு நல்லா இருக்கா அண்ணா?” நாலைந்து ஊர்த் தமிழைக் கலந்து பேசினான்.

“நல்லா இருக்கு தம்பி. பாயி வாங்கி வச்சிருக்கேன்.”

“எனக்கு மூணு ஊர்ல வீடு இருக்கு அண்ணா. தூக்கம் மட்டும் ஏர்போர்ட்ல.” சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ராயப்பராஜின் விரலைப் பார்த்தான். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பதிமூன்று வருசத் தழும்பு. “ஆஃப் ஸ்பின்?”

தலையை ஆட்டினான் ராயப்பராஜ். பையன் ஒரு பந்தை அவன் கையில் வைத்துவிட்டு மட்டையோடு நடந்தான். மைதானத்தின் ஓரத்தில் வலை கட்டிய பயிற்சிக் களம். அதுவும் டர்ஃப்தான்.

ராயப்பராஜ் செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்தான். புல் குளிர்ந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் உள்ளங்காலில் அப்படியொரு குளிர்ச்சி இருக்கும் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. நாலடி நடந்து, கையைச் சுழற்றி, தென்னைநார் விரிப்பில் இத்தனை நாள் போட்ட அதே பந்தைப் போட்டான். விரிப்பாக இருந்தால் அது கடித்து, எகிறி, உள்ளே திரும்பியிருக்கும். புல்லில் விழுந்த பந்து தணிந்து வழுக்கி, திரும்பாமல் நேரே போயிற்று. நிதின் தட்டி அனுப்பினான்.

“வேகம் வேணாம் அண்ணா. மெதுவா. மேல தூக்கிப் போடு. புல்லுக்கு டைம் குடு.”

மேலே தூக்கி, மெதுவாக. ராயப்பராஜுக்குப் பளிச்சென்று புரிந்தது. இன்னும் பத்துப் பந்து போட்டால் பிடிபட்டுவிடும். பந்தை விரலுக்குள் ஏற்றிக்கொண்டு திரும்பினான். விசில் சத்தம் கேட்டது.

பொன்னழகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்துகொண்டிருந்தார். “தம்பி, பந்தக் கீழ வைங்க. தடை செய்யப்பட்டவங்க உள்ள வரக் கூடாது. எழுத வேண்டியதாப் போச்சே.”

எழுதினார். அவசரக் கூட்டம் கூடியது. தடை இரண்டு வருசமாயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். ஒழுக்கம் இப்படித்தான் கெடுகிறது, பழக்கத்தால் பரவுகிறது என்று ஓர் உறுப்பினர் பேசப்போக, புதிதாக ஒரு விதியை ஒரு மனதாக நிறைவேற்றினார்கள்: ‘தடைபெற்ற தொழில்முறை ஆட்டக்காரருடன் ஒரே கூரையின் கீழ் வசிப்பவரும் தொழில்முறை ஆட்டக்காரராகவே கருதப்படுவார்.’ நிறைவேற்றி, டீ குடித்து, கலைந்த பிறகுதான் ஆனந்த்ராஜின் வக்கீல் அதை வாசித்தார். கதவு எண் 14/3-இல் ஆறு தூய அமெச்சூர்கள் ஒரு தொழில்முறையாளனோடு குடியிருந்தார்கள்.

விதியை மாற்ற முடியாது. சங்கத்துக்கு மானம் போய்விடும். ஆளை மாற்றலாம். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குக் கையூம் வந்தான். வாசல்படியிலேயே நின்றான்.

“வருசா வருசம் ஆய்வுக்கு வருவாங்களாம் மாப்ள. அன்னிக்கு நீ இங்க இருக்கக் கூடாது. இருந்தா ஆறு பேரும் போச்சு. ஜெயிக்கிற மேட்செல்லாம் போச்சு. நம்ம கிளப்பு மறுபடி ஆட்டுத் தரைக்கே போயிரும்.” அவன் ராயப்பராஜைப் பார்க்காமல் சுவரில் சாய்ந்திருந்த பாய்களைப் பார்த்தபடி பேசினான். “நீயே சொல்லு. பதிமூணு வருசம்டா.”

“ஆட்டுத் தரைக்கா? வேணாம்டா” என்றான் ராயப்பராஜ். “நான் இருக்கல.”

அந்த சீசனில் விடிவெள்ளி மூன்றாவது இடத்துக்கு வந்தது. சிறந்த உள்ளூர் ஆட்டக்காரர் விருது நிதினுக்கு. அவன் விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் விழாவுக்கு நிற்கவில்லை. ஒரு முழ உயரக் கோப்பை கூரியரில் கதவு எண் 14/3-க்கு வந்து சேர்ந்தது. ராயப்பராஜ் கையெழுத்துப் போட்டு வாங்கினான். கூரியர்க்காரர் கைகுலுக்கி, “வாழ்த்துகள் சார்” என்றார். அமலராணி அதைத் தூக்கி மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். “நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கெடச்சது. வேற எங்க வைக்க?” என்றாள். கோபமா கிண்டலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வருச ஆய்வுக்குப் பதினோரு மணி என்று தகவல். பத்துக்கே கிளம்பிப் பேட்டைப் பக்கம் போய்விடுவதாக ராயப்பராஜ் ஏற்பாடு. அமலராணி வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். ஒன்பதே காலுக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பொன்னழகுக்கு அன்று மத்தியானம் ஒரு கல்யாணம். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வந்துவிட்டார்.

ஆறு துண்டு, ஆறு ஜோடிச் செருப்பு, ஆறு பிரஷ். இந்தத் தடவை ஆறுதான் இருந்தது. கோப்பையைக் கண்டதும் முகம் மலர்ந்து, ‘வலுவான சான்று’ என்று எழுதிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தைப் புரட்டினார். கடைசிக் கேள்வி: ‘ஆய்வின்போது வீட்டில் இருந்த பிறர்.’

பொன்னழகு நிமிர்ந்து ராயப்பராஜைப் பார்த்தார். பதினான்கு வருசமாய்ப் பார்க்கிற முகம். ஐந்தாம் டிவிஷனில் ஆட்டின் மேல் பந்து பட்டதா இல்லையா என்று அவனோடு அரைமணி நேரம் சண்டை போட்டு, பிறகு ஒரே பாட்டிலில் கலர் குடித்த மனிதர். பார்வையைத் தாளுக்கு இறக்கிக்கொண்டார்.

“நீங்க யாருங்க?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“விருந்தாளிங்க” என்றான் ராயப்பராஜ். “வீட்டுக்காரங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எப்பப் போவீங்க?”

“இந்தா, கெளம்பிட்டேன்.”

பொன்னழகு எழுதினார். எழுதி முடிக்கும் முன் அமலராணி வந்தாள். கண்ணாடி அலமாரியில் வெளியாட்களுக்கென்று எடுத்துவைத்திருந்த பூப்போட்ட கப்புகள் இரண்டில் டீ. ஒன்றைப் பொன்னழகுக்குக் கொடுத்தாள். மற்றதைப் புருசன் முன்னால் நீட்டினாள். அவள் பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தாள்.

“எடுத்துக்கங்கண்ணே” என்றாள்.

பொன்னழகின் பேனா தாளில் ஒரு பொட்டு வைத்து நின்றது. ராயப்பராஜ் கப்பை வாங்கினான். அந்த வீட்டில் அந்தக் கப்பில் அவன் இதுவரை குடித்ததில்லை. சூடு பார்க்காமல் ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

விருந்தாளி வெளியேறியதைக் கண்ணால் பார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதும் விதி. பொன்னழகு வாசலில் காத்து நின்றார். ராயப்பராஜ் செருப்பைத் தேடி மாட்டினான். ஆறு ஜோடிப் புதுச் செருப்புக்கு நடுவே தன்னுடையது சட்டென்று அகப்படவில்லை.

“வீட்டுக்காரங்க வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு யாராச்சும் சொல்லிருங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பொன்னழகு ஸ்கூட்டரை உதைத்தார்.

“சொல்லிருதோம்” என்று உள்ளேயிருந்து அமலராணியின் குரல் வந்தது. கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

ராயப்பராஜ் சந்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் செத்த நேரம் நின்றான். போன வருசம் புல்லில் போட முடியாமல் போன அந்த இரண்டாவது பந்து ஞாபகத்துக்கு வந்தது. மெதுவாக. மேலே தூக்கி. புல்லுக்கு நேரம் கொடுத்து. வலது கையை அப்படியே கொண்டுபோய்ப் பார்த்தான். அது தோள் மட்டத்துக்கு மேல் எழும்பவில்லை.